அளவெடுத்த தொட்டி

கழக்கூட்டம்,
நவம்பர் 9, 2024

அஸ்வதிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். உன் மலையில் பாதி நேரம் ரேஞ்சும் கிடையாது. அதனால் எழுதுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ போனக்காட்டு டிஸ்பென்சரிக்கு நர்ஸாகப் போய் நாலு மாசம் ஆகிவிட்டது. அங்கேயே தொடர்கிறாயா, திரும்பி வருகிறாயா என்று டிசம்பர் முடிவதற்குள் டிஸ்பென்சரியை நடத்துகிற அந்த டிரஸ்டுக்குச் சொல்ல வேண்டுமாமே. புருஷனுக்கு இது மச்சினன் பகவதிப்பெருமாள் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. திரும்பி வா. விஷயம் இவ்வளவுதான். மீதியெல்லாம் தொட்டியைப் பற்றி.

உனக்காகச் செய்த அந்தக் குளிர்நீர்த் தொட்டியை நான் விற்கவில்லை. மற்ற ஆர்டர் தொட்டிகளுக்குப் பக்கத்தில், ஷெட்டின் மூலையில் மூடி போட்டு வைத்திருக்கிறேன். குளிரவைக்கப் புதுச் சில்லர் மாட்டியாயிற்று. தண்ணீர் பன்னிரண்டு டிகிரியில் அசையாமல் நிற்கிறது. நீ ஏன் அப்படிக் கோபித்துக்கொண்டு போனாய் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. உனக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடந்தால் உடம்பு தளர்ந்து தூங்குவாய் என்று நினைத்தேன். உன் தையல்காரியிடம் அளவு வாங்கினேன். தோள் அகலம், முட்டி உயரம், முதுகுச் சாய்வு எல்லாம் பார்த்துப் பார்த்து, ஒரு விரல் இடம்கூட வீணாகாமல் ஃபைபரில் வார்த்தேன். ஊரில் எந்தப் புருஷன் இப்படிச் செய்வான்?

அன்றைக்குத் தொட்டி ஆர்டர் பேச வர்க்கலை ரிசார்ட்காரர்கள் வந்தது தற்செயல். தொட்டிக்குள் ஆள் இருந்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்று உன்னை இறங்கச் சொன்னேன். நீ அவர்கள் முன்னால் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். “அவளுக்கு எல்லாத்துக்கும் கொஞ்சம் பயம்” என்று நான் சொன்னது அவர்களைச் சமாளிக்கத்தான். அதைப் பிடித்துக்கொண்டா இத்தனை நாள்?

ஜெயகுமார்


போனக்காடு,
நவம்பர் 15

திரு. ஜெயகுமார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ் கண்டக்டர் ஜிஜி கொண்டு வந்தான். “சேச்சிக்கு லவ் லெட்டர் உண்டு!” என்று படியில் நின்றே கூவினான். தங்கப்பன் அண்ணனின் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே சில்லர் இருக்கிறது.

விளங்கவில்லை என்கிறீர்கள். சொல்கிறேன். ஒரு விரல் இடம்கூட விடாமல் அளவெடுத்துச் செய்த பெட்டியில் மனுஷனை எப்போது படுக்க வைப்பார்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். குளிர் ஏறியதும் உடம்பு தன்னால் பதறுகிறது. தோள் தூக்கப் பார்க்கிறது, முட்டி மடங்கப் பார்க்கிறது, கை எதையாவது பிடிக்கத் தேடுகிறது. உங்கள் தொட்டியில் எதற்கும் இடமில்லை. விளிம்பு வழவழவென்று உருண்டையாக இருக்கிறது, பிடித்தால் வழுக்குகிறது. உள்ளே கறுப்பு நிறம், என் கால் எனக்கே தெரியவில்லை. எழுந்து வர ஒரு படிகூட இல்லை. முகத்துக்கு நேரே ஷெட்டின் சிமெண்டுச் சுவர்.

நீங்கள் எங்கே இருந்தீர்கள்? எனக்குப் பின்னால். போனில் நேரம் பார்த்துக்கொண்டு, “சிரி அஸ்வதி, இன்னும் ஒரு நிமிஷம்” என்றீர்கள். சுவரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? கத்தினேன். அதற்குப் பிறகும் நீங்கள் முதலில் மன்னிப்புக் கேட்டது அவர்களிடம்தான். என் உதடு நீலமாக இருந்தது, நீங்கள் ரிசார்ட்காரருக்கு லைம் ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை.

இங்கே எனக்குத் தூக்கம் வருகிறது. மாத்திரை இல்லாமல். டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒரு ஓடை இருக்கிறது. காலையில் மூடுபனி அதன்மேல் படுத்துக் கிடக்கும். தண்ணீர் எது, பனி எது என்று காலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதில் இறங்கிவிட்டு வந்தால் அன்றைய பகல் முழுக்கக் கொஞ்சம் மிதந்துகொண்டே வேலை பார்க்கிறேன். ஊசி போடும்போது மட்டும் விழித்துக்கொள்கிறேன்.

அஸ்வதி


கழக்கூட்டம்,
நவம்பர் 23

அஸ்வதி,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். முதல் நாள் உன்மேல் கோபம். இரண்டாம் நாள் தையல்காரிமேல். மூன்றாம் நாள் தொட்டியை மூலையிலிருந்து இழுத்து நடுவில் போட்டேன்.

இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் கூட்டிவிட்டேன். விளிம்பின் உள்பக்கத்தில் விரல் நுழைகிற மாதிரி ஒரு பள்ளம். உள்ளே இரண்டு படி, சொரசொரப்பாக. கறுப்பு நிறம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று ரிசார்ட்காரர்கள் கேட்டதுதான். அதையும் தேய்த்தெடுத்துவிட்டு இளம்பச்சை பூசினேன். இப்போது தண்ணீர் விட்டால் கால்விரல்கூடத் தெரிகிறது. நம் ஷெட் பையன் பிரஜினை உட்காரவைத்துப் பார்த்தேன். “சூப்பர் சாரே” என்றான். அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான், முந்தின மாடலுக்கும் அதைத்தான் சொன்னான்.

நீ ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். உன்னைவிட்டால் எனக்கு உண்மை சொல்ல ஆளில்லை. வந்ததும் பிடித்துவைத்துக்கொள்வேன் என்று பயப்படாதே. சாயங்காலம் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன்.

லைம் ஜூஸ் விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது. எழுதியிருக்க வேண்டாம்.

ஜெயன்


போனக்காடு,
நவம்பர் 30

அத்தானுக்கு,

வரமாட்டேன். காரணம் கேளுங்கள்.

குளிர்நீர்த் தொட்டி செய்கிற நீங்கள் மே மாசத்திலும் கீசர் போட்டுக் குளிக்கிற மகராஜா. பல் தேய்க்கவே வெந்நீர் கேட்பவர். இத்தனை வருஷமாக எத்தனை தொட்டி செய்திருப்பீர்கள்! ஒன்றிலாவது கழுத்துவரை இறங்கியது உண்டா? பிரஜின் இறங்குவான், நான் இறங்குவேன், நீங்கள் வெளியே உலர்ந்த சட்டையோடு நின்று “எப்படி இருக்கு?” என்பீர்கள். முதலில் நீங்கள் இறங்குங்கள். அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கிற பெண்கள் யாரும் ஓடையில் தனியாக இறங்குவதில்லை. ஒருத்தி இறங்கினால் இன்னொருத்தி எதிரே பாறையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. முன்னே எப்போதோ யாரோ வழுக்கி விழுந்திருக்கலாம். நான் முதல் நாள் இறங்கி மூச்சு முட்டி நின்றபோது அவர்களில் ஒருத்தி, மாரிக்கனி, பாறையில் உட்கார்ந்துகொண்டு, “ஏ சிஸ்டரு, ஒங்க வீட்ல நேத்து என்ன கறி? உப்பு பாத்துப் போட்டியளா?” என்று கேட்டாள். இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்று கோபம் வந்தது. ஆனாலும் “பு... புளிக்கறி” என்றேன். “புளிக்கறிக்கு எந்த மீனு?” என்றாள். அதற்கும் பதில் சொன்னேன். மூன்றாவது பதிலுக்குள் மூச்சு சீராகிவிட்டது. அப்புறம் தண்ணீர் குளிர்கிறது என்பதே தூரத்தில் யாரோ சொல்கிற செய்தியாக ஆகிவிட்டது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது பச்சை நிறம். என்ன பச்சை என்று நினைத்துக்கொண்டே நேற்றுத் தூங்கிப்போனேன்.

அஸ்வதி


கழக்கூட்டம்,
டிசம்பர் 8, ஞாயிறு

அச்சு,

இன்று மத்தியானம் இறங்கினேன்.

பிரஜினுக்கு லீவு. ஷெட்டை உள்ளே பூட்டிக்கொண்டேன், யாராவது பார்த்தால் மானம் போய்விடும். காலை வைத்து வைத்து எடுத்தேன். கடைசியில் அந்த ‘மகராஜா’வை நினைத்து ரோஷத்தில் ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. தொட்டியின் வரைபடத்தில் நான் ‘ஓய்வு நிலை’ என்று எழுதி வைத்திருக்கும் சாய்வில் என் முதுகு நிற்கவே இல்லை. சில்லர் மோட்டாரை வெளியே நின்று கேட்டால் சின்ன முனகல்தான். உள்ளே அது முதுகுப் பலகை வழியாக ஏறிப் பல்லுக்கு வருகிறது. தண்ணீர் சுழல்கிறதே, அது தோலை ஒட்டி நிற்கிற கொஞ்ச வெதுவெதுப்பையும் வழித்துக்கொண்டு போய்விடுகிறது. கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினேன்.

அப்புறம் ஒரு அமைதி வந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை. அது வழியாக விழுந்த வெயில் தண்ணீரில் பட்டு எதிர்ச் சுவரில் மெல்ல மெல்ல ஆடியது. ஹைவே லாரிகளின் சத்தம் வேறு யாருடைய ஊரிலோ கேட்டது. நான் எங்கே இருக்கிறேன், என்ன கிழமை, ஒன்றும் நினைவில்லை. நம் வீட்டுக் குளிமுறியில் இருப்பதாகவும், நீ குசினியில் ஏதோ தாளிப்பதாகவும் இருந்தது. “அச்சு, துண்டு” என்று கூப்பிட்டேன். சத்தமாகவே கூப்பிட்டேன். நீ இங்கே இல்லை என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. உறைத்ததும் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கு உன்னைத் தேடுகிறது.

வேலை முடிந்து தொட்டியைப் பழைய இடத்துக்கே தள்ளியிருந்தேன், நான் பார்த்துக்கொண்டிருந்தது அதே சுவர்தான். எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது அது! தண்ணீரைத் திறந்துவிட்டு, ஈரத்தோடேயே தொட்டியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். இனிமேல் மோட்டார் சுவருக்கு அந்தப் பக்கம் தனி மேடையில், நடுவில் ரப்பர்க் குழாய். தொட்டியின் கால்பக்கத்து விளிம்பை வெட்டி, வெளியே இன்னொருவர் உட்காருகிற அளவுக்குப் பலகை வைக்கிறேன். உள்ளே இருப்பவருக்கு எதிரே ஒரு முகம் தெரிய வேண்டும். ரிசார்ட்காரர்களிடம் இதற்கு என்ன பேர் சொல்வதென்று தெரியவில்லை.

புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நேரில் சொல்ல வேண்டியது இருக்கிறது.

ஜெயன்


போனக்காடு,
டிசம்பர் 12

அத்தானுக்கு,

புதன்கிழமை காலையில் ஓடைக்குப் போய்விட்டு வந்து இரண்டு பேருக்குச் சோறு வடித்தேன். துவரன், பப்படம், உங்களுக்குப் பிடித்த மாங்காய்க் கறி. மத்தியானம்வரை வாசலைப் பார்த்திருந்துவிட்டு எல்லாவற்றையும் மாரிக்கனி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் ஜிஜி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “சேச்சி, சார் வந்நு, கேட்டோ. ஓடைப் பக்கம் நடந்து போயி, கொஞ்ச நேரத்துல திரும்ப வந்து அதே வண்டில ஏறியாச்சு. எந்தா, வீட்டுல பிரஷ்னம் வல்லதும்?” என்றான். பிரச்சினை ஒன்றுமில்லை, சாருக்கு வண்டியில் போய்வருவது பொழுதுபோக்கு என்று சொல்லி அனுப்பினேன்.

அவ்வளவு தூரம் வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் போவதற்கு என்ன அர்த்தம்? சுவரில் ஆடுகிற வெயிலைப் பற்றி எழுதி ஒருத்தியைத் தூங்கவிடாமல் செய்துவிட்டு, வந்து பாதி வழியில் திரும்புகிறீர்கள். இந்தத் தடவை எனக்கு விளங்கவில்லை. பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் நானும் எழுதமாட்டேன், டிரஸ்டுக்கு என்ன சொல்வதென்று நானே முடிவு செய்துகொள்வேன்.

அஸ்வதி


கழக்கூட்டம்,
டிசம்பர் 15

அச்சு,

டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. ஓடைக்குப் போயிருப்பதாகத் தங்கப்பன் சொன்னார். வளைவு வரைக்கும் வந்தேன். நீ தோள்வரை தண்ணீரில் இருந்தாய். பாறையில் ஒரு பெண் உட்கார்ந்து ஏதோ கேட்க, நீ ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தீர்கள். பெண்கள் குளிக்கிற இடம் என்று உடனே திரும்பினேன். ஆனால் பஸ் ஏறியது அதனால் இல்லை.

ஒருவர் தண்ணீரில் தளர்ந்திருக்கிறாரா என்று நான் முகத்தைப் பார்க்கமாட்டேன், தோளைத்தான் பார்ப்பேன். காதுக்கும் தோளுக்கும் நடுவே இடம் தெரிய வேண்டும். நம் வீட்டில் நீ டிவி பார்க்கும்போதும், வெண்டைக்காய் நறுக்கும்போதும், ஏன், படுத்திருக்கும்போதும்கூட உன் தோள் ஏறியேதான் இருக்கும். அது உன் உடம்புவாகு என்று நினைத்திருந்தேன். அந்தத் தோளுக்குத்தான் நான் தொட்டி அளவெடுத்தேன். புதன்கிழமை அந்த ஓடையில் வேறு ஒரு தோளைப் பார்த்தேன், அச்சு. உன் கழுத்து இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

நேரில் சொல்ல வந்தது “திரும்பி வா” என்பதுதான். அதைப் பார்த்த பிறகு எந்த வாயால் சொல்வது? பாதை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். வழியில் விதுராவில் இறங்கி டீ குடிக்கக்கூடத் தோன்றவில்லை. அங்கே இருக்க வேண்டுமென்றால் இரு. மனசார எழுதுகிறேன் என்று சொன்னால் பொய். நீ வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனாலும் இரு.

ஜெயன்


போனக்காடு,
டிசம்பர் 18

அத்தான்,

‘இரு’ என்று உத்தரவு கொடுக்க உங்களை யார் கேட்டது? ‘வா’ என்பதும் நீங்களே, ‘இரு’ என்பதும் நீங்களே. நடுவில் எனக்கு ஒரு வாய் இருக்கிறது.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். கண்ணாடியில் என் கழுத்தைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்ததே, அதற்காகச் சந்தோஷமாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். காலை பஸ், ஜிஜியிடம் சொல்லிவிட்டேன், திரும்பிப் போகக் கேட்டால் ஏற்றமாட்டான். நனைந்தால் பரவாயில்லை என்கிற ஒரு முண்டு கொண்டு வாருங்கள். மத்தியானம் ஓடையில் யாரும் இருக்கமாட்டார்கள். வெந்நீர் கிடைக்காது.

அச்சு


போனக்காடு,
டிசம்பர் 22, ஞாயிறு, சாயங்காலம்

அத்தான்,

இதை அடுத்த அறையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் பாயில் சுவரோரமாக ஒருக்களித்துத் தூங்குகிறீர்கள். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து உங்கள் காலடியில் நிற்கிறது. போர்வையை இழுத்துவிட்டுவிட்டு வந்தேன்.

என்ன சத்தம் போட்டீர்கள்! யாரும் இருக்கமாட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருந்தேன், உங்கள் அலறலில் எல்லா லைன் வீட்டுக் கதவும் திறந்தது. “யாரு சிஸ்டரு, யான வந்துட்டா?” என்று மாரிக்கனி ஓடி வந்து, உங்களைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். நான் பாறையில் உட்கார்ந்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். “இ... இட்லி” என்றீர்கள். எத்தனை? சட்னியா சாம்பாரா? கடையிலா வீட்டிலா? கீசர் இப்போது ஒழுகுகிறதா? பன்னிரண்டு வருஷத்தில் நான் கேட்ட கேள்விகளுக்கு நீங்கள் இப்படி வரிசையாகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. அப்புறம் கேள்வி தீர்ந்துபோயிற்று. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தீர்கள். நான் உங்கள் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகவே மனசில்லை.

கடைசி பஸ் போய்விட்டது. எழுப்பியிருக்க வேண்டும். நாளைக் காலையில் ரிசார்ட்காரர்கள் புதுத் தொட்டியைப் பார்க்க வருகிறார்கள் என்று சோறு தின்னும்போது சொன்னீர்கள். இரண்டு தடவை அறை வாசல்வரை வந்தேன். கை வரவில்லை. எழுந்ததும் திட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சாயங்காலம்வரை வாயில் வரவில்லை, அதனால்தான் இந்தக் காகிதம். இன்னும் ஒரு வருஷம் இங்கே இருக்கிறேன் என்று வெள்ளிக்கிழமை டிரஸ்டுக்குச் சொல்லிவிட்டேன். உங்கள்மேல் கோபத்தில் இல்லை. அந்தத் தொட்டிக் கோபம் டிசம்பர் எட்டாம் தேதிக் கடிதத்தோடு போய்விட்டது. தூங்கி எழுகிற ஒரு ஆளாக நான் இப்போதுதான் ஆகிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆளைக் கொஞ்சம் பழகிப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டு உங்களுக்கு மனசு விட்டுப்போனால், காலை முதல் பஸ் இருக்கிறது. என்னை எழுப்பாமலே போகலாம். நான் தப்பாக நினைக்கமாட்டேன் என்று எழுதப் பார்க்கிறேன், வரவில்லை. போகாதீர்கள்.

அச்சு


அதே காகிதம், பின்பக்கம்
திங்கள், காலை

அச்சு,

நீ தூங்குகிறாய். எழுப்பவில்லை. ஓடைக்குப் போய்விட்டு வருகிறேன். எழுந்து பார்த்துப் பயந்துவிடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். மாரிக்கனியின் வீட்டுக்காரர் பாறையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை நீ சொன்னதை நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தங்கப்பன் சொல்லிவிட்டார். “சிஸ்டர் இனி ஒரு வர்ஷம் கூடி இங்கதான் சாரே” என்று சந்தோஷமாகச் சொன்னார். தெரிந்துகொண்டுதான் உன்னிடம் வந்தேன். தெரிந்துகொண்டுதான் தண்ணீரில் இறங்கினேன். ரிசார்ட்காரர்களுக்குப் பிரஜின் திறந்து காட்டட்டும், ‘சூப்பர்’ என்று அவனே சொல்லிக்கொள்வான்.

சாயங்காலம் நீ வாசல்வரை வந்தது தெரியும், இரண்டு தடவையும். பஸ் ஹார்ன் அடித்ததும் கேட்டது. ஜிஜி ரொம்ப நேரம் அடித்தான். அது வளைவு தாண்டிப் போகிறவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அப்புறம்தான் தூங்கினேன்.